கியர் வண்டிக்கும் லைசென்ஸ் எடுப்போம், வாங்க!



இந்தக் கட்டுரையைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்களிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறதா? பரவாயில்லை, போய் எடுத்துக்கிட்டு வாங்க.

என்னென்ன வண்டி ஓட்டலாம் என்று அட்டையில் ஆங்கிலத்தில் சுருக்கமாக அச்சடித்திருப்பார்கள். ‘எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.’ என்று இருந்தால் அது கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கான லைசென்ஸ். ஸ்கூட்டி, ஆக்டிவா, டி.வி.எஸ். எக்ஸ்.எல்., பேட்டரி ஸ்கூட்டர் எல்லாம் இதில் அடக்கம். ‘எம்.சி.டபிள்யூ.ஜி.’ என்று இருந்தால் கியர் உள்ள வண்டிக்கானது. பழைய அட்டைகளில் எழுதியிருக்கும் விதம் கொஞ்சம் மாறலாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கடைசி ‘ஜி’ எழுத்துக்கு முன்னால் முட்டை மாதிரி ஒரு ‘ஓ’ இருக்கிறதா, இல்லையா?

நம் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ‘ஓ’ உள்ள அட்டைதான். நாம் ஓட்டப் பழகியதே எக்ஸ்.எல்.லும் ஸ்கூட்டியும்தானே. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்காக அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். 125 சிசி-க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் அந்த மானியம் கிடைத்தது. விண்ணப்பிக்க லைசென்ஸ் வேண்டும் என்றதும் நம் சகோதரிகள் பலர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு முதல் முறையாகப் போனார்கள். அந்தத் திட்டம் பிறகு நின்றுபோனது. அப்போது எடுத்த அட்டை மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆனால் வாசலில் நிற்கிற வண்டி எது? பல வீடுகளில் வீட்டுக்காரரின் ஸ்பிளெண்டர், இல்லாவிட்டால் மகனின் பல்சர். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

“அவசரத்துக்குத்தானே ஓட்டுறேன்!”

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கிற பதில் இதுதான். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், அவர் வெளியூர் போயிருக்கிறார், வாசலில் அவர் வண்டி நிற்கிறது. வங்கியில் குழுப் பணம் கட்ட வேண்டும், ஸ்கூட்டி பஞ்சர். ஓட்டத் தெரிந்த கை சும்மா இருக்குமா? எடுத்து ஓட்டிவிடுகிறோம். ஓட்டத் தெரிந்திருப்பதில் தப்பே இல்லை, பெருமைதான். ஆனால் சட்டம் கேட்கிற கேள்வி ‘ஓட்டத் தெரியுமா’ என்பதல்ல. ‘இந்த வகை வண்டியை ஓட்ட உங்களுக்கு அனுமதி உண்டா’ என்பதுதான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒரு வகுப்பு, கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வேறு வகுப்பு. ஆகவே ‘ஓ’ அட்டையை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டர் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதற்கு அபராதம் 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. உரிய லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய். சாவியைக் கொடுத்த வீட்டுக்காரருக்கு ஐயாயிரம், ஓட்டின உங்களுக்கு ஐயாயிரம். போவது என்னமோ ஒரே வீட்டுப் பணம்!

சரி, அபராதத்தைக் கடனை உடனை வாங்கியாவது கட்டிவிடலாம். கட்டி முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விபத்து நடந்தால் பணம் யார் கொடுப்பது?

“வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே, கம்பெனிக்காரங்க பார்த்துக்குவாங்க” என்று நினைக்கிறோம். பாலிசித் தாளை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், அல்லது படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். யார் ஓட்டலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கும். விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். செல்லத்தக்க லைசென்ஸ் என்றால் அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ், தேதி முடியாத லைசென்ஸ்.

நம் வண்டி மோதி வேறு ஒருவருக்கு அடிபட்டால் என்ன ஆகும்? அடிபட்டவர் குடும்பம் தவிக்கக் கூடாது என்பதற்காக உச்ச நீதிமன்றம் 2004-ல் ஒரு வழி சொன்னது. ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இல்லையென்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்தத் தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து கம்பெனி வசூலித்துக்கொள்ளலாம். நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல கலெக்டர் மூலமாக வசூலிக்கவும் அதில் வழி உண்டு. விபத்து வழக்குகளில் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

“எனக்குத்தான் ஒரு லைசென்ஸ் இருக்கே, இல்லாமலா இருக்கு?” என்று கேட்கலாம். 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு போனது. ஸ்கூட்டர் ஓட்டி விபத்து செய்தவரிடம் கனரக வாகன லைசென்ஸ் இருந்தது. லாரியே ஓட்டத் தகுதியுள்ளவர்! ஆனால் இருசக்கர வண்டிக்கான லைசென்ஸ் அவரிடம் இல்லை. பெரிய லைசென்ஸ் சின்ன வண்டிக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பதே தீர்ப்பு. வழக்குக்கு வழக்கு விவரம் மாறும், வாதாட இடமும் இருக்கும். ஆனாலும் கோர்ட் படி ஏறி இறங்குவது நாம்தானே?

அடுத்து, ஓட்டுகிறவருக்கே அடிபட்டால்? வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. 2018-ல் அதை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தப் பணம் கிடைக்க மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், விபத்து நேரத்தில் அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அந்தக் காப்பீடு அவருக்கு மட்டும்தான். அவர் வண்டியை நீங்கள் ஓட்டி அடிபட்டால் அது உங்களுக்கு வராது.

இந்த இடத்தில் குழு உறுப்பினர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். குழுக் கடன் வாங்கி வீட்டுக்கு பைக் எடுக்கிறோம். கடன் நம் பெயரில் என்பதால் வண்டியையும் நம் பெயரிலேயே பதிவு செய்கிறோம். நல்லதுதான், சொத்து நம் பெயரில் இருக்கட்டும். ஆனால் உரிமையாளர் என்று ஆகிவிட்டால் அந்த 15 லட்சம் காப்பீடும் நம் பெயரில், வசூல் நோட்டீஸ் வந்தால் அதுவும் நம் பெயரில். சொந்த வண்டியை நாமே ஓட்டினாலும் அட்டையில் ‘ஓ’ இருந்தால் அந்தக் காப்பீடு கைக்கு எட்டாது. லைசென்ஸ் இல்லாத தம்பியோ மகனோ ஓட்டி யார் மேலாவது மோதினால் பதில் சொல்ல வேண்டியதும் நாமே. கடனில் வண்டி எடுக்கிற அன்றைக்கே இதைக் குழுவில் பேசிவிடுவது நல்லது.

இதையொட்டி ஒரு விஷயம். கியர் வண்டி லைசென்ஸுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைப்பது 50 சிசி-க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். எக்ஸ்.எல். 100-க்கே அது செல்லாது. பதினெட்டு முடியாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் 2019 திருத்தத்தில் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

எது கியர் வண்டி?

ஸ்கூட்டர் என்றாலே கியர் இல்லை, பைக் என்றால்தான் கியர் என்று நினைக்க வேண்டாம். பழைய பஜாஜ் சேத்தக், எல்.எம்.எல். வெஸ்பா எல்லாம் இடது கைப்பிடியைத் திருகி கியர் போடுகிற ஸ்கூட்டர்கள். பஜாஜ் எம்.80-யும் அப்படித்தான். இவற்றுக்குக் கியர் லைசென்ஸ் வேண்டும். இப்போது அதே சேத்தக் பெயரில் வருகிற பேட்டரி ஸ்கூட்டருக்குக் கியர் கிடையாது, அதற்கு ‘ஓ’ அட்டையே போதும். வண்டியின் உருவத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவர் கியர் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை லைசென்ஸே எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராகக் கியர் வண்டிக்கே விண்ணப்பித்துவிடுங்கள். கியர் வண்டியில் தேர்வு பாஸ் செய்தவர் கியர் இல்லாத வண்டியிலும் பாஸ் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரே அலைச்சலில் இரண்டும் முடியும்.

எப்படி விண்ணப்பிப்பது?

புதிதாக ஒரு லைசென்ஸ் எடுப்பது இல்லை இது. இருக்கிற லைசென்ஸிலேயே இன்னொரு வகுப்பைச் சேர்ப்பது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ‘எண்டார்ஸ்மென்ட்’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

முதலில் கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். ‘பரிவாஹன்’ இணையதளத்தில் ‘சாரதி’ பகுதியில் விண்ணப்பிக்கலாம். போன் வழியாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போங்கள். 2024 மார்ச் முதல் எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை அங்கேயும் போடலாம். பழைய லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கேட்பார்கள். ஏற்கெனவே செல்லத்தக்க லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு, சாலைக் குறியீடுகளைக் கேட்கிற அந்த முதல் தேர்வு கிடையாது. “திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரணுமா” என்று பயந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். நாற்பது வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் மருத்துவச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெண்கள் மாட்டிக்கொள்கிற இடம் போன் நம்பர். விண்ணப்பத்தில் யார் நம்பர் இருக்கிறதோ அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். முன்பு லைசென்ஸ் எடுத்தபோது டிரைவிங் ஸ்கூல்காரர் நம்பரைக் கொடுத்திருப்போம், அல்லது வீட்டுக்காரர் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய நம்பராக இருக்கும். முதல் வேலையாக உங்கள் சொந்த நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். முகவரியையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டை ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது. கல்யாணத்துக்கு முந்தைய அம்மா வீட்டு முகவரி இருந்தால் அட்டை அங்கே போய்த் திரும்பிவிடும். ரொம்பப் பழைய லைசென்ஸ் என்றால் அந்த எண் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். அப்படியானால் லைசென்ஸ் வாங்கிய ஆபீசுக்கு அசலை எடுத்துப் போய்ப் பதியச் சொல்ல வேண்டும்.

அட்டையில் தேதி முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்திருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு முப்பது நாள் சலுகை இருந்தது, 2019-க்குப் பிறகு அது கிடையாது. தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் திரும்பவும் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போகலாம். ஆகவே பழக ஒரு மாதம் கட்டாயமாகக் கிடைக்கிறது. தேர்வுக்கு நாள் குறித்து, கியர் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இரவல் வண்டி என்றால் முந்தின நாளே இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்சூரன்ஸ் முடிந்த வண்டியோடு போய்த் திரும்பி வருகிற கதை அடிக்கடி நடக்கிறது.

செலவு எவ்வளவு? 2016 டிசம்பரில் மத்திய அரசு நிர்ணயித்த பட்டியலில் எல்.எல்.ஆர்.-க்கு 150, ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு 300, வகுப்பு சேர்ப்பதற்கு 500 ரூபாய் என்று இருக்கிறது. ஸ்மார்ட் கார்டுக்கும் சேவைக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஆகும். கட்டும் முன் திரையில் மொத்தத் தொகை வரும், அதைப் பார்த்துக் கட்டுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிகிற வேலை. இதற்குப் புரோக்கரிடம் ஐயாயிரம், ஆறாயிரம் கொடுக்காதீர்கள். நமக்கு ஓட்டத் தெரியும், விண்ணப்பம் போடத் தெரியும், அவருக்கு எதற்குப் பணம்?

பழகும் காலத்தில்

‘ஓ’ அட்டை இருப்பதால் ஸ்கூட்டியை எப்போதும் போல ஓட்டலாம். ஆனால் பைக்கில் ஏறும்போது நீங்கள் கற்றுக்கொள்பவர். முன்னாலும் பின்னாலும் வெள்ளை அட்டையில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பின்னால் உட்காரலாம் என்று அனுமதிக்கப்பட்டவர் ஒருவர்தான்: கியர் வண்டி லைசென்ஸ் உள்ள, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆள். குழந்தையை ஏற்றக் கூடாது, பக்கத்து வீட்டு அக்காவை ஏற்றக் கூடாது. இந்த விதிகளைக் கடைப்பிடித்தால் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டுவதையும் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொள்ளும் என்று அந்தப் பாலிசிப் பத்தியிலேயே இருக்கிறது. ஒரு காகித ‘எல்’ அட்டைக்கு அவ்வளவு மதிப்பு!

கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரராகவோ தம்பியாகவோ இருப்பார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் புண்ணியம். “கிளட்சை விடு, விடாதே, ஏன் விட்டே” என்று கத்துகிறவராக இருந்தால், ஏற்கெனவே கியர் வண்டி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு சகோதரியைக் குழுவில் தேடிப் பிடியுங்கள்.

இடது கையை நம்பாதே!

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவருக்கு பைக்கில் இருக்கிற உண்மையான ஆபத்து கியர் இல்லை. இடது கைதான். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

ஸ்கூட்டரில் இரண்டு கையிலும் இருப்பது பிரேக். 2019 ஏப்ரல் முதல் விற்கிற 125 சிசி வரையிலான வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். ஸ்கூட்டரில் இந்த ஏற்பாடு வருவது இடது கைப்பிடியில். ஆகவே நாய் குறுக்கே ஓடினால் நம் இடது கை தானாக இறுகும். பல வருடப் பழக்கம், யோசிக்காமலே நடக்கும்.

பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பிரேக் வலது கையிலும் வலது காலிலும் இருக்கிறது. வலது கை முன் சக்கரத்துக்கு, வலது கால் பின் சக்கரத்துக்கு. இடது கால் கியருக்கு. பதற்றத்தில் ஸ்கூட்டர் ஞாபகத்தில் இடது கையை மட்டும் இறுக்கினால் என்ன ஆகும்? மாவு மில்லில் பெல்ட்டைத் தள்ளிவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், கல் மட்டும் தனியாகச் சுற்றும் இல்லையா? கிளட்ச் செய்வதும் அதுதான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற பிடியை எடுத்துவிடும். வண்டி நிற்காது, போகிற வேகத்தில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் பிடித்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆகவே முதல் மூன்று நாள் எஞ்சினை ஆன் செய்யாதீர்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, யாரையாவது “நிறுத்து!” என்று சொல்லச் சொல்லுங்கள். சொன்னதும் வலது கையும் வலது காலும் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்யுங்கள். சிரிப்பு வரும், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். இடது கை தனியாக இறுகுவது நின்ற பிறகுதான் சாவியைத் திருக வேண்டும்.

பிறகு ஆளில்லாத மைதானத்தில் முதல் கியர் மட்டும். கிளட்சை முழுக்க அழுத்தி, கியர் போட்டு, மெதுமெதுவாக விடுங்கள். பாதி விட்டதும் வண்டி மெல்ல நகர ஆரம்பிக்கும். அந்த இடத்தைக் கை கண்டுபிடிக்க வேண்டும். வண்டிக்கு வண்டி அது மாறும். பட்டென்று விட்டால் வண்டி குதித்து அணைந்துவிடும், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அணையும். நிறுத்தும்போது ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக் பிடித்து, கடைசியில் நிற்கப் போகும் நேரத்தில் கிளட்சைப் பிடியுங்கள். நின்றதும் இடது காலைத் தரையில் ஊன்றி, வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். ஸ்கூட்டரில் இரண்டு காலையும் தொங்கவிட்டு நிற்கிற பழக்கம் இங்கே உதவாது.

கியர் போடும் முறை எல்லா வண்டியிலும் ஒன்று இல்லை. ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதித்தே போட வேண்டும், குறைக்கக் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும். பல்சரில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே தூக்கிப் போட வேண்டும். ஒன்றில் பழகி இன்னொன்றில் தேர்வுக்குப் போனால் குழம்பிவிடும். பழகிய வண்டியிலேயே போங்கள்.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி மலைப்பாதை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒன்று. இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ வராதீர்கள். குறைந்த கியரில் வந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது.

எட்டு போடுவது

ஸ்கூட்டியில் எட்டு போட்டவர்தானே நீங்கள், இது அதே எட்டுதான். ஸ்பிளெண்டர் சுமார் 110 கிலோ எடை, அதைக் காலூன்றாமல் மெதுவாக வளைக்க வேண்டும். வேகத்தை ஆக்சிலேட்டரில் கூட்டிக் குறைக்காமல், பாதிக் கிளட்சிலும் பின் பிரேக்கிலும் வைத்திருந்தால் வண்டி ஆடாது. வளைவில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, வண்டி சரிந்துவிடும். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து எங்கே திரும்பப் போகிறோமோ அங்கே பார்க்க வேண்டும். களத்துமேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு தினம் பத்து எட்டு போடுங்கள். திரும்பும் முன் கையால் சிக்னல் காட்டவும் பழகுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் அதையும் கவனிப்பார்.

தவறிவிட்டால் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். மூன்று தடவை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சியும் எடுத்துவரச் சொல்வார்கள். காலூன்றிவிட்டதற்காக அழுதுகொண்டே வீட்டுக்கு வர வேண்டாம். ஆண்களும் ஊன்றுகிறார்கள்!

உடை விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். கியர் இல்லாத வண்டி பெண்களிடம் பரவியதற்கு ஒரு காரணம், முன்னால் காலை வைக்க இடம் இருப்பதால் சேலையோடு ஓட்ட முடிந்தது. பைக்கில் டேங்க் குறுக்கே இருக்கிறது. காலைத் தூக்கிப் போட்டுத்தான் உட்கார வேண்டும். சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். செருப்பில் கியர் போட்டால் கால்விரல் மேலே வலி எடுக்கும், மூடிய ஷூ நல்லது. பின்சக்கரத்தில் சேலைத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிற பிள்ளைகள் உண்டு. சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய்.

“பொம்பளை பைக் ஓட்டினா ஊர் என்ன சொல்லும்” என்று இன்னும் தயங்குகிறவர்களுக்காக ஒரு பழைய செய்தி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினவர்கள் உண்டு. முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. கேலி பேசின ஊரிலேயே அவர்கள் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

குழுக்கள் இதற்கு உள் கடன் கொடுக்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், மூன்று நான்கு தவணையில் திரும்பிவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் எல்.எல்.ஆர். எடுத்தால் ஒரே மைதானத்தில் சேர்ந்து பழகலாம், துணையும் ஆச்சு. எல்.எல்.ஆர். எடுத்த தேதி, முப்பது நாள் முடியும் தேதி, ஆறு மாதம் முடியும் தேதி மூன்றையும் குழு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் தாண்டினால் எல்.எல்.ஆர். செல்லாது, திரும்பவும் பணம் கட்ட வேண்டும். புது அட்டை தபாலில் வந்ததும் ‘ஓ’ இல்லாத அந்த வரி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனில் டிஜிலாக்கரிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் கேட்டால் அதைக் காட்டினாலே போதும், அசல் பீரோவிலேயே இருக்கலாம்.